சம்பந்தி போட்ட சத்தம்

கில்டோரி,
மே மாதம், திங்கட்கிழமை.

சம்பந்தியாகப் போகிறவரும், இந்தக் கடிதத்துக்குப் பிறகு ஆகாமலே போகக்கூடியவருமான பெருமதிப்பிற்குரிய ஃபெர்கஸ் டாலஸ் அவர்களுக்கு,

கில்டோரி ராவர்ஸ் கால்பந்துக் கழகத் தலைவரும் மணப்பெண் ஷீனாவின் தகப்பனுமான ஆர்ச்சி ரன்சிமன் எழுதுவது. இங்கு நானும் மனைவியும் மகளும் உடலளவில் சுகம். பால்னெஸில் நீங்களும் உங்கள் வீட்டம்மா ரோனாவும் சுகமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை நீங்கள் குதித்த குதியைப் பார்த்தவன் நான்.

நிச்சயதார்த்தத்தன்று என்ன பேசிக்கொண்டோம்? உங்கள் மூத்த மகன், எங்கள் மாப்பிள்ளையாகப் போகிற லாக்லன், எங்கள் அணியின் கோல்கீப்பர். இளையவன் கேலம் உங்கள் ஊர் அணிக்குக் கோல் அடிக்கிறவன். நாங்கள் ஸ்காட்லாந்து லீகின் கடைசிப் படியில், நீங்கள் அதற்கும் கீழே. இரண்டு அணியும் மோதப்போவதே இல்லை, வீட்டில் கால்பந்துப் பேச்சு வேண்டாம் என்று கைகுலுக்கினோம். எங்கள் பையன்கள் இவ்வளவு பாடுபட்டு உங்களைச் சந்திக்க இறங்கி வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கினோம். சரி, ஆரம்பம்தானே என்றிருந்தோம், அக்டோபரில் கடற்காற்று வந்தது. லாக்லன் ஓங்கி உதைத்த பந்து நடுக்கோடு வரை போய், யோசித்து, அவன் தலைக்கு மேலேயே திரும்பி வந்து கம்பத்துக்குப் பின்னால் விழுந்தது, எதிரிக்குக் கார்னர், அந்தக் கார்னரில் கோல். டிசம்பரில் ஊரே சேர்ந்து மைதானத்துப் பனியை வாரிக் கொட்டினால், நடுவர் வந்து பூட்ஸ் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு "கீழ கல்லு மாதிரி இருக்கு, ஆட முடியாது" என்று போய்விட்டார். எங்கள் ஊர்ப் பாதிரியாரிடம் போய் ஞாயிறு ஜெபத்தில் அணியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று வாரம் சேர்த்தார், மூன்றிலும் தோற்றோம். நாலாவது வாரம் வாசலிலேயே மறித்து, "ஆர்ச்சி, இனிமே இத ஆண்டவர்கிட்ட கொண்டு போகாதீங்க. அவருக்கும் ஒரு கௌரவம் இருக்குல்ல" என்றார். பிப்ரவரியில் பாதி அணிக்குக் காய்ச்சல். மிச்சமிருந்த பதினொரு பேரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால், தடுப்பாட்டக்காரன் ஷோல்டோ பெட்ரோல் பங்கில் சிப்ஸ் வாங்க இறங்கினான், அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பத்துப் பேரோடு ஆடினோம். ஜெயித்தோம்! இனி வாராவாரம் அவனை அங்கேயே இறக்கிவிடலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனைகூட வந்தது. மனிதாபிமானம் பார்த்து நான்தான் தடுத்தேன். அந்தத் தப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

கடைசி இடத்தில் முடித்தோம். கீழே இருந்து முதலாவதாக ஏறி வருகிற அணியோடு இரண்டு ஆட்டம், தோற்றால் லீகை விட்டு வெளியே. ஏறி வந்தது யார்? நீங்கள்!

உங்கள் ஊரில் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் ஊரில் கடைசி நிமிஷம் வரை கோலே இல்லை. அப்போது ஷோல்டோ, மாடியிலிருந்து விழுகிற குழந்தையைப் பிடிக்கிறவன் மாதிரி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தான். பெனால்டி. அடிக்க வந்தது கேலம், நிற்பது லாக்லன். எங்கள் கடையில் மாட்டுச்சூப் வாங்கிக் குடித்த தெம்பில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நீங்கள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது.

"டேய் கேலம்! உங்கண்ணன் எப்பவும் கடல் பக்கம்தான் விழுவான்டா! தொட்டில்லேருந்தே அந்தப் பக்கம்தான் விழுந்தான்! மலைப் பக்கம் அடி!"

பெற்ற பிள்ளையின் தொட்டில் ரகசியத்தைச் சந்தியில் வைக்கிற தகப்பன் உண்டா ஐயா?

லாக்லன் கடல் பக்கமே விழுந்தான். பந்து மலைப் பக்கம் போனது. எல்லாம் முடிந்தது. உடைமாற்றும் அறையில் அவனைப் பிடித்துக் கேட்டேன். "காதுல விழலியா மாப்ள? அவர் சொன்னதுக்கப்புறமும் ஏன் அங்கேயே விழுந்தே?"

"விழுந்துச்சு மாமா. ஆனா கேலம் பொறந்ததுலேருந்து அப்பா பேச்சக் கேட்டதே இல்ல. சட்டை போடுன்னா கழட்டுவான். அவர் மலைப் பக்கம்னா இவன் கண்டிப்பா கடல் பக்கம்தான் அடிப்பான்னு நெனச்சேன். இன்னிக்குன்னு பாத்துக் கேட்டுட்டான் மாமா!" சொல்லிவிட்டு அந்தத் தடிப்பயல் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்னொன்றையும் பார்த்தேன். வேலியைத் தாண்டி ஓடி வந்த நீங்கள், உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேலமைத் தூக்கிக்கொண்டு ஆட, நேரே லாக்லனிடம் போனீர்கள். சேற்றில் மண்டியிட்டு அவனைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கடா, வாய் அடங்கல" என்றீர்கள். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனுஷன் ஐயா நீங்கள்.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லீகை விட்டு எங்களைத் துரத்திய வீட்டில் பெண் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வருகிற சனிக்கிழமைக் கல்யாணம் நிறுத்தப்பட்டது. இனி நமக்குள் போக்குவரவு வேண்டாம்.

ரோனா அம்மாவுக்கு என் வணக்கம், அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும், தொண்டை மட்டும் கட்டிக்கொள்ளட்டும். கேலம் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், வேறு ஏதாவது விளையாட்டில்.

இப்படிக்கு,
ஆர்ச்சி ரன்சிமன்

பி.கு.: இதை ஷீனா படித்துவிட்டு, "கல்யாணம் எனக்கா, உங்க கிளப்புக்காப்பா?" என்று கேட்டாள். நிறுத்தியதையே நிறுத்திவிட்டேன். ஆகவே சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தேவாலயத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். அப்புறம், எங்கள் பயிற்சியாளர் இன்று காலை ராஜினாமா செய்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். மத்தியானம் கமிட்டி கூடியது. கேலமையே பேச்சுக் கேட்க வைத்த மனிதர் வட ஸ்காட்லாந்தில் ஒருவர்தான் என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. உங்கள் பெயரை முன்மொழிந்தவன் நான்தான். கல்யாணம் முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு வர முடியுமா சம்பந்தி?