போன வருடத்தில் சாக மறுத்தவர்

வெனிஸ், பிப்ரவரி மாதம், நம் ஊர்க் கணக்கில் 1708

போலோன்யாவில் கவிதை எழுதிப் பட்டினி கிடக்கும் என் அண்ணன் மகன் லுனார்தோவுக்கு, சித்தப்பா மர்க்கியோ அநேக ஆசிகள் கூறி எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். மூன்றாவது வரிக்கு முன்னால் நான் பொய்யை அவிழ்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே இந்நகரத்துப் புனிதர்கள் அத்தனை பேர்மீதும் ஆணையிட்டு, உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். உடனே நீ வரவேண்டும். இது கதையல்ல, கதை இனிமேல்தான்.

காயல் முழுக்க உறைந்துவிட்டது. கரையிலிருந்து ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்து, கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூசை கண்டு, கன்னியாஸ்திரீகளைவிட ஒழுங்காகத் திரும்பிப் போயின. நண்டுகள் படித்துறைக் கதவைத் தட்டி, அடுப்பருகே கொஞ்சம் இடம் கேட்டன. ஊரிலேயே சூடாக மிஞ்சியிருப்பது படகோட்டிகளின் வசவு ஒன்றுதான். பெண்கள் அதைச் சுற்றி நின்று ஈரத்துணி உலர்த்துகிறார்கள். எங்கள் கவிஞர் சபையில் மை கல்லாகிப்போனதால் கவிதையை உளியால் செதுக்கினோம். பாதி உதிர்ந்தது, கவிதை மேம்பட்டது. இந்தக் குளிர்தான் உன் அப்பாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. அவர் இருமினால் பக்கத்துத் தீவில் கண்ணாடி ஊதுகிறவன் கையில் ஜாடி உடைகிறது.

நம் ஊரில் ஒருவன் கல்யாணம் கட்டினாலும், ஒருத்தி மடத்தில் சேர்ந்தாலும், எவனாவது செத்தாலும், நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டெழுதிப் புத்தகம் போடாவிட்டால் அவமானமல்லவா? இந்தக் குளிரில் அச்செழுத்துக் கோக்கவே வெகுநாள் ஆகும் என்று சபையார் முந்திக்கொண்டு, இரங்கற்பாக்களை இப்போதே அச்சாபீஸ் ஓர்செத்தாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த விதவைக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை பார்: மாதிரித் தாளை நேரே நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்து, “பிழை இருந்தா பார்த்துச் சொல்லுங்கய்யா” என்று நீட்டிவிட்டாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“டேய் மர்க்கியோ, மொத வரியில நான் சிங்கம், ரெண்டாவதுல கப்பல், மூணாவதுல தூணு. ஒருத்தன் எத்தனை வேலைடா பாக்கறது?”

“அதெல்லாம் உவமைண்ணா.”

“ஆயுசு பூரா மெழுகுவர்த்தி வித்தேன். அதை ஒரு பய எழுதலையே? சரி, இதென்ன அட்டையில, ஆயிரத்தி எழுநூத்தி எட்டு?”

“நம்ம ஊர்ல மார்ச் மொத தேதிதானே வருஷம் பொறக்குது, அதுவரைக்கும் எட்டுதானுங்களே,” என்றாள் ஓர்செத்தா. “அதுவரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்கன்னு வைத்தியர் சொன்னாரு. கோத்துட்டேன்.”

“பிரிச்சுப் போடு. நான் எட்டுல சாகமாட்டேன்.”

“எழுத்தெல்லாம் குளிர்ல ஒட்டிக்கெடக்குய்யா! ஒரு எட்டுக்காகவா இப்படி அடம்புடிப்பீங்க?”

அவள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கியதும் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“போலோன்யால இப்போ என்ன வருஷம்டா?”

“ஒன்பதுண்ணா. அங்க ஜனவரியிலேயே பொறந்தாச்சு.”

“அதான். பொஸ்தகம் லுனார்தோ கைக்குப் போகும். எட்டுன்னு பார்ப்பான். அப்பன் போன வருஷமே போயிட்டான், எல்லாரும் அழுது முடிச்சிருப்பாங்க, இனிமே போயி என்னத்தப் பண்றதுன்னு அங்கேயே உக்காந்துடுவான்.”

“அவன் இந்த ஊர்ல பொறந்தவன்ணா. நம்ம கணக்கு அவனுக்குத் தெரியாதா?”

“கவிதை எழுதறவனுக்கு என்னடா கணக்குத் தெரியும்?”

அன்று முதல் சாவோடு மல்லுக்கட்டு. அது தினமும் வருகிறது. “மார்ச்சுக்கு அப்புறம் வாடா” என்று வசவு வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து நடுங்குகிறது. பாவமே என்று நான்தான் அதற்குச் சூடாக ஒயின் கொடுத்தேன். உன் பாட்டு மீன் மடிக்கத்தான் லாயக்கு என்று அவர் சொன்னதற்காகத்தானே கோபித்துக்கொண்டு போனாய்? என் பாட்டை மீனே ஏற்காது என்றார், நான் போனேனா? வண்டி கிடைத்தால் வண்டி, கழுதை கிடைத்தால் கழுதை, புறப்பட்டு வா. அவர் பிடிவாதம் பெரியது, நெஞ்சு சின்னது.

உன் வயிற்றுக்குச் சோறும், பாட்டுக்கு எதுகையும், காலுக்கு ஓட்டையில்லாத செருப்பும் ஆண்டவர் அருளட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
சித்தப்பா மர்க்கியோ

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கடிதத்தை மடிப்பதற்குள் உன் அப்பா போய்விட்டார். மார்ச் பிறக்கவில்லை. ஓநாயும் வரவில்லை, நண்டும் வரவில்லை. படியில் எவனாவது உட்கார்ந்திருந்தால் நானே உருட்டிவிட்டிருப்பேன். மெழுகுவர்த்தி வியாபாரிக்குச் சபையில் யாரும் பாட்டெழுதவில்லை. அத்தனையும் நானே வேறு வேறு பெயரில் எழுதியது. அவர் அதைப் படிக்கவும் இல்லை, கத்துவதற்குத் தெம்பும் இல்லை. ஓர்செத்தாவிடம் அட்டையில் ஒன்பது போடச் சொல்லியிருக்கிறேன். “செத்தவருக்கு அடுத்த வருஷத்தப் போட்டா ஊரே சிரிக்கும்யா” என்றாள். சிரிக்கட்டும் என்றேன். வெந்நீர் ஊற்றி எட்டைப் பெயர்த்தாள்.

இந்தக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். போலோன்யாவில் இப்போது என்ன வருஷம் என்று கேட்டார். கேட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்.