கடைசிப் பந்தியில் ஒரு மரணம்

ஹட்டனில் தாம் நடத்திய ‘மலைத்துளிர்’ சஞ்சிகையின் பழைய நாட்களைப் பற்றி பேரின்பநாயகம் ஞாயிறுதோறும் பத்திரிகையில் எழுதிவந்தார். அவருடைய பத்திக்கு ஓர் இலக்கணம் இருந்தது. முதலில் மழை பெய்யும். பிறகு, ‘நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை’ என்ற அடக்கம் வந்து, செய்தது அத்தனையையும் சொல்லும். இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு குட்டு. கடைசிப் பந்தியில் யாராவது சாக வேண்டும். முப்பதாவது வாரத்தில் செத்தவர்கள் தீர்ந்துபோனார்கள். ஆகவே சின்னராசாவைக் கொன்றார்.

சின்னராசா அந்தக் காலத்தில் சஞ்சிகைக் கட்டுகளை மஸ்கெலியா பஸ்ஸில் ஏற்றிவிட்டவர். இப்போது அக்கரப்பத்தனையில், தேயிலைத் தோட்டத்து ஒழுகும் லயத்து அறையில் இருக்கிறார். ‘சஞ்சிகைக் கட்டை மார்போடு அணைத்தபடியே என் சின்னராசா கண்மூடினான்’ என்று பத்திரிகையில் படித்ததும் சின்னராசாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னமா எழுதியிருக்காரு!” என்று பக்கத்து வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினார்.

அடுத்த மாதம், தோட்டத்தாருக்கு அரசாங்கம் கொடுக்கும் புது வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நுவரெலியா அலுவலகத்துக்கு ஓடினார். வீட்டுக் கோப்புகளைப் பார்க்கும் உத்தியோகத்தர் யசோதினி, அவர் கோப்பைத் திறந்தார். அந்தப் பத்தியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள்.

“இவர் மோசம் போயிட்டாரே. வாசிச்சு நானும் அழுதனான்.”

“நான்தாங்க அந்தச் சின்னராசா. இந்தாங்க அடையாள அட்டை.”

“இதில நீங்கள் பிறந்தது மட்டுந்தான் கிடக்குது. செத்தது பேப்பரில வந்திட்டுது. எழுதினவரே மாத்தி எழுதட்டும், உடன கையெழுத்து வைக்கிறன்.”

சின்னராசா ஹட்டனுக்குப் போனார். பேரின்பநாயகம் முகம் சுளித்தார்.

“எத்தினை சனம் அழுதது தெரியுமோ? அந்தக் கண்ணீருக்கு என்ன மரியாதை?”

“கூரை ஒழுகுதுங்க ஐயா. புள்ளைங்க குடையைப் புடிச்சிக்கிட்டுத் தூங்குதுங்க.”

மனம் இளகியது. “சரி, உம்மை எழுப்பிவிடுறன். ஆனால் கடைசிப் பந்தி வெறுமையாக் கிடக்குமே! உமக்கு வீடு தாறது ஆர்?”

“யசோதினி அம்மாங்க. தங்கமான மனுசி.”

பேரின்பநாயகம் பெயரைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில், கொட்டும் மழையில் சின்னராசா உயிரோடு வந்து கதவைத் தட்டினார். ஊரே பூரித்தது. கடைசிப் பந்தியில், ஏழைக்கு வீடு கொடுக்கப் பேனாவை எடுத்த யசோதினி அம்மையார், கையெழுத்திடும் முன்பே மேசையில் சாய்ந்தார்.

திங்கட்கிழமை சின்னராசா போனபோது யசோதினியின் மேசையில் அவருடைய மாலை போட்ட படம் இருந்தது. யசோதினி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார், கையில் அந்தப் பத்தி, கண்கள் சிவந்திருந்தன. “நல்லாத்தான் எழுதியிருக்கிறார்” என்றார். அவர் கையெழுத்து இனிச் செல்லாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டதாம்.

“ஐயாகிட்ட சொல்லி ஒங்களையும் எழுப்பிறலாங்க அம்மா.”

“அப்ப கடைசிப் பந்திக்கு ஆர்?”

வரிசையில் நின்றவர்கள் காதில் இது விழுந்தது. அத்தனை பேருக்கும் அங்கே கோப்பு நகராமல் கிடந்தது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பியோன் இரண்டு சொன்னார். சின்னராசா தாளின் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினார்.

பேரின்பநாயகத்தின் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் நம்மையெல்லாம் யார் எழுப்புவது?