மேனேஜருக்கு நான் வைத்த இரங்கல் கூட்டம்

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறேன். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் பூமாலையே வந்துவிட்டது.

2005. கடலூரில் ஓர் உரக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் (அந்தத் திமிர் நடையிலேயே தெரியும் என்பார் என் கணவர்). ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் என் டைப்ரைட்டரைக் காணோம். அந்த இடத்தில் கம்ப்யூட்டர். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் மேனேஜர் கோவிந்தராஜ் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மவுசப் புடிங்க ஸ்டெல்லா. கடிக்காது."

அவருக்கும் ஒன்றும் தெரியாது. வீடு இருந்த சிதம்பரத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்திருந்தார். நேற்று அவர் கற்றது இன்று எனக்குப் பாடம். இருவரும் சேர்ந்து திணறிய அந்தக் காலை நேரங்கள் இப்போது நினைத்தாலும் இனிக்கின்றன.

ஆறு மாதத்தில் அவருக்குத் திட்டக்குடிக்கு மாற்றல். பிரிவு உபசார விழா அறிவிப்பை நானே அடித்து அவரை அசத்த முடிவு செய்தேன். புதிதாகத் தொடங்கப் பயம். அதனால் போன மாதம் காலமான எங்கள் கணக்காளருக்காக அடித்து வைத்திருந்த அறிவிப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினேன். கீழே சாரின் நற்குணங்களை உருகி உருகி எழுதினேன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு மட்டும் திரைக்கு மேலே எங்கோ ஒளிந்திருந்தது. பிரிண்டரிலிருந்து தாள் வந்ததே பெரிய பெருமை, அதைப் படிக்க வேறு வேண்டுமா? சுடச்சுடப் புவனகிரி கிளைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அவர்கள் பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். இருந்த ஒரே ஃபோனில் நான் விழாவுக்குச் சமோசா சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்று மணிக்குப் புவனகிரியிலிருந்து வேன் வந்து நின்றது. ஆளுயர மாலையோடு இறங்கிய உர வியாபாரி மணி, வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டார்.

"எங்கள வுட்டுட்டுப் போய்ட்டீங்களே சார்!"

சத்தம் கேட்டுக் கோவிந்தராஜ் சார் வெளியே வந்தார்.

"திட்டக்குடிதான்யா போறேன். அதுக்கு ஏன்யா இப்புடி அழுவுற?"

மணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த ஃபேக்ஸை, சாரின் இடத்துக்கு வந்திருந்த புது மேனேஜர் வாங்கிப் படித்தார்.

"யாரு அடிச்சது இது?"

மாதாவே, வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாந்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார் கோவிந்தராஜ் சார். "மேல ஏத்திப் பாக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். ஆனா ஒண்ணு, உள்ள என்னப் பத்தி நல்லாத்தான் எழுதிருக்காங்க." மாலையைத் தானே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அப்போது வந்த அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.

2012இல் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவரில், அந்த மாலையோடு அவர் சிரிக்கும் படம்.

"வர்றவுங்கல்லாம் என்னப் பாத்து 'எப்பம்மா ஆச்சு?'ன்னு கேக்குறாங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கழட்டுங்கன்னா கழட்ட மாட்டேங்குறாரு."

கடலூர் வந்து சேரும்வரை என் கணவர் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார். இன்றும் நான் ஃபோனில் யாருக்காவது எதையாவது அனுப்ப எடுத்தால் போதும், வீட்டில் ஒரு குரல் வரும்:

"எல்லாரும் உசுரோடதான இருக்காங்க?"