சீமைப்பலாவைத் தவிர எதையும் எடுத்துக்கொள்

கண்டாவு தீவு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் இசிகேலிக்கு, உன் தாய்மாமன் எமோசி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தையும் பன்றிகளும் நலம்.

சனிக்கிழமைப் படகில் வந்து ஏதோ ஒன்றை எடுத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினாயாம். நம் தீவு வழக்கப்படி அக்காள் மகனான நீ எனக்கு வசு, உரிமைக்காரன். என் வீட்டில் நீ எதைத் தொட்டாலும் அது உன்னுடையது, நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் கொல்லைச் சீமைப்பலாவை மட்டும் விட்டுவிடப்பா. போன முறை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாய், உன் கண் எதன் மேல் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அது மரமில்லை, என் உயிர். ரத்தக் கொதிப்புக்கு நர்ஸம்மா தந்த மாத்திரையோடு அதன் பழுத்த இலையையும் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன், சோற்றை விட்டுக் காயைச் சுட்டுத் தின்கிறேன், இப்போது படகுத்துறை மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். இந்தப் பாழும் வாய் அதைச் சர்ச்சில் சாட்சியாகச் சொல்லிவிட்டது. மறுநாள் ஊரே வாசலில். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டா? போதகர் இலை கேட்டார், அவர் மனைவி காய் கேட்டாள், டீக்கன் அப்பெனிசா இடுப்புப் பிடிப்புக்கு மரத்துப் பால் கேட்டார். தடவிக்கொண்டு பாயில் படுத்தவர் எழுந்தபோது பாயும் கூடவே எழுந்தது. படகு ஓட்டையை அடைக்கிற பால் இடுப்பை விடுமா? "எமோசி, வலி போயிடுச்சுய்யா, பாய்தான் போகமாட்டேங்குது" என்கிறார். அதைப் பார்த்தும் ஊர் அடங்கவில்லை, "டீக்கனுக்கே கேட்டிருக்கு, எங்களுக்கும் கொஞ்சம்" என்று வரிசை நிற்கிறது. மிச்சம் ஒன்பது காய், ஒரு கைப்பிடி இலை. நீயும் வந்து மரத்தைத் தொட்டுவிட்டால் நான் எங்கே போவேன்?

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் கண்ணை வேறு பக்கம் திருப்புவாராக.

உன் மாமன்,
எமோசி

பி.கு.: கடிதத்தை வாங்கவந்த உன் சிநேகிதன், படகோட்டி சாக்கியுசா, "அவன் பார்த்தது கிளையில தொங்கின உங்க கிட்டாரைத்தான் மாமா. அதைத்தான் கேட்கப்போறான்" என்கிறான். உன் அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏங்க, வசுவுக்கே பொருளோட பெருமையெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாமன் இந்தத் தீவுல நீங்க ஒருத்தர்தான்." கிழித்துப் போடலாமென்றால் சாக்கியுசா திருப்பித் தரமாட்டேன் என்கிறான், பிரித்து எழுதலாமென்றால் உறையைச் சீமைப்பலாப் பாலால் ஒட்டித் தொலைத்திருக்கிறேன். ஆகவே அவன் கையைவிட்டு விடாமல் பிடித்திருக்க, இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். உள்ளே ஒன்றுமில்லை. திறக்காதே. கிட்டாரை எடுத்துக்கொள்.