ஐந்துக்கு எத்தனை?

"ஒண்டிலையிருந்து அஞ்சு வரைக்கும் ஒரு இலக்கம் சொல்லுங்கோ ஐயா. உங்கடை வாழ்க்கையிலை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?"

ஓட்டோவில் வந்து இறங்கிய அந்தப் பெண் விறாந்தையில் அமர்ந்து, கையில் ரப்லெற் கணினியோடு கேட்டாள். இராசநாயகம் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். வாழ்க்கைத் திருப்தியாம்! மகள் சுபாஜினிக்குப் பண்டத்தரிப்பிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு நைசாக விசாரிப்பார்கள் என்று தரகர் முதல்நாள்தான் சொல்லியிருந்தார். நீர்வேலியில் வாழைக்குலை விற்றுத் தலை நரைத்தவருக்கு இதுகூடவா பிடிபடாது?

"அஞ்சு!" என்றார்.

"எதிர்காலத்திலை நம்பிக்கை?"

"அதுவும் அஞ்சு. போடுங்கோ பிள்ளை."

மனைவி அருந்ததி அவரைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கென்ன விசரே? எல்லாத்துக்கும் அஞ்செண்டால் வசதியான ஆக்களெண்டு வட்டுக்கோட்டைக் காணியையும் சீதனமாக் கேப்பினம்!"

இராசநாயகத்துக்குத் திக்கென்றது. இந்த வீடு மகளுக்கென்று முடிவாகிவிட்டது. அந்தக் காணி, கடைசிக் காலத்தில் தாங்கள் இருவரும் போய் இருக்கவென்று ஆசையாக வைத்திருந்தது. அதை விட முடியாது.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"முதல் சொன்னதை அழியுங்கோ பிள்ளை. எல்லாம் ஒண்டு."

"ஒண்டோ? உங்களைப் பற்றிப் பெருமைப்பட ஏதும்...?"

"ஒரு கோதாரியும் இல்லை."

அந்தப் பெண் பதறிப்போனாள். "ஐயா, இரவிலை நித்திரை வருதோ? மனநல வைத்தியர் ஒராளின்ரை நம்பர் தரட்டே?"

அருந்ததி தலையில் கைவைத்தாள். விசர்க் குடும்பம் என்று பெயர் எடுத்தால் சம்பந்தமே முறிந்துவிடுமே! பாய்ந்து வெளியே வந்தாள்.

"இவருக்கு ஒண்டுமில்லை பிள்ளை! வயிறு முட்டச் சாப்பிடுவார், குறட்டை விட்டு நித்திரை கொள்ளுவார். மூண்டு போடுங்கோ!"

"மூண்டு காணாது, நாலு!" என்றார் இராசநாயகம், விசரன் என்ற பெயருக்குப் பயந்து.

"மூண்டு!"

"நாலு!"

பெண் பொறுமை இழந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தயாளினி, ஆராய்ச்சி உதவியாளர்.

"ஐயா, இது பல்கலைக்கழக ஆராய்ச்சி. எட்டு நாட்டுச் சனம் தங்களைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் எவ்வளவு நல்லா நினைக்கினம் எண்டு ஒப்பிட்டுப் பாக்கிறம். உங்கடை பேரைக்கூடப் பதியிறேல்லை."

இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இராசநாயகம் கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே! நாங்கள் சம்பந்தம் விசாரிக்க வந்த ஆளெண்டெல்லோ நினைச்சம். எல்லாத்துக்கும் அஞ்சைப் போடுங்கோ பிள்ளை! எங்களுக்கென்ன குறை? வட்டுக்கோட்டையிலை கிணத்தோடை காணி கிடக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மூச்சு விடேல்லை. உவையைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியாதோ?"

அருந்ததியும் சேர்ந்து சிரித்தாள். தயாளினி எல்லாவற்றுக்கும் ஐந்தை அழுத்திவிட்டு எழுந்தாள்.

வாசல் படலையடியில் நின்ற ஓட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, உன்ரை அம்மா ரெண்டு தரம் கோல் எடுத்திட்டா. உன்ரை அண்ணைக்குப் பாத்த பொம்பிளை வீடு எப்பிடியாம்?"