எதிராளிக்கு இன்னும் ஒரு நாள்

உலகத்தில் எல்லோரும் கிரீனிச்சைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்கள். வேண்டுமானால் கிரீனிச் என்னைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மலேசியாவில், ஈப்போ நகரை ஒட்டிய குனோங் ராபாட்டில் கார்களுக்கு ஏர்கான், அதாவது ஏசி, பழுது பார்த்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அடையாள அட்டையில். எங்களுக்கு அவர் ஏர்கான் அண்ணே.

சுண்ணாம்புக்கல் மலையை ஒட்டி இருந்த அந்தக் கடையில் ஏர்கான் கிடையாது. இருந்த ஒரே மேசை விசிறியும் அவருடைய கைப்பேசியைப் பார்த்துத்தான் சுழலும். "மனுசன் சூடானா தண்ணி குடிச்சிக்கலாம். போன் சூடானா செஸ் தொங்கிடும்லா" என்பார். என் கிழட்டுக் காரின் ஏர்கான் காய்ச்சல்காரன் மூச்சைப் போல ஊதும். அதனால் கோயிலுக்குப் போனதைவிட அவர் கடைக்குப் போனதுதான் அதிகம். வீட்டுக்கு வந்ததைவிடவும் அதிகம் என்பது என் மனைவியின் கணக்கு.

கடைச் சுவரில் ஆறு கடிகாரங்கள் தொங்கின. பெரிய ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள், லண்டன், தோக்கியோ என்று கீழே எழுதியிருக்கும். இங்கே டாக்டர், மீன்காரர், டீச்சரம்மா, ஆட்டுக்கறி என்று எழுதியிருந்தது. எல்லோரும் இணையத்தில் அவரோடு சதுரங்கம் ஆடுகிறவர்கள். டாக்டர் நோர்வே. ஆட்டுக்கறி அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில் லாரி ஓட்டுகிறவர். ஆறில் ஒன்றுகூட ஈப்போ மணியைக் காட்டாது. ஒருநாள் ஒரு பெண்மணி அவசரமாக வந்து, "அண்ணே, மணி என்னா?" என்று கேட்டார். ஏர்கான் அண்ணே காருக்கடியிலிருந்து தலையை நீட்டி, "யாருக்கு?" என்றார்.

அவர் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நானே அவரைப் பலமுறை தோற்கடித்திருக்கிறேன். இதைவிடக் கடுமையான விமர்சனத்தை ஒரு சதுரங்க ஆட்டக்காரர்மீது வைக்க முடியாது. அவருடைய சிக்கல் மூளையில் இல்லை, மரியாதையில் இருந்தது. எதிராளியிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் முதல் சிப்பாயைத் தொடுவார்.

ஐந்து நிமிட ஆட்டத்தில் இது நடக்கிற காரியமா? முன்பின் தெரியாத ஒருவன் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து சிப்பாயைத் தள்ளிவிட்டுக் காத்திருப்பான். இவர் அரைகுறை ஆங்கிலத்தில் சாப்பாட்டை விசாரித்துவிட்டுக் காத்திருப்பார். கடிகாரம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் தீர்ந்து தோற்பார்.

"அண்ணே, ஆட்டத்துல எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எழுத்தாளரே, ஒருத்தர் வீட்டுக்குப் போனா ஒரு வார்த்த பேசாம நேரா சோபாவுல ஒக்காருவீங்களா? இவன் என்னான்னா வந்த ஒடனே குதிரைய வெளியே எடுக்குறான். என்னா வளர்ப்புலா இது?"

எதிராளியின் கவனத்தைக் கலைக்கிறீர்கள் என்று சதுரங்கத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. பதில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். விருந்தோம்பல், பண்பாடு, மானுடம் எல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அத்தனையையும் அழித்துவிட்டு, 'பசியைக் கேட்பது குற்றமா?' என்று ஒரே வரியை அனுப்பினார். ஒரு வாரம் அவர் யாரோடும் பேச முடியாதபடி வாயைப் பூட்டிவிட்டார்கள்.

அடங்கினாரா? அந்த வாரம் முழுக்க ஒவ்வோர் ஆட்டத்தையும் குதிரையை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துத் தொடங்கினார். கேட்டால், "வணக்கம் சொல்றேன்லா. வாயத்தானே பூட்டினாங்க, குதிரையப் பூட்டலையே" என்றார். அந்த வாரம் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெற்றி.

அதன் பிறகு நிதான ஆட்டத்துக்கு மாறினார். அதில் ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. சாப்பிட்டார்களா என்று விசாரிக்க நேரம் தாராளம். ஆனால் உலகம் உருண்டை என்ற புதிய தொல்லை வந்து சேர்ந்தது. இவர் பகல் உணவைப் பற்றிக் கேட்டால் அவர்கள் பாதித் தூக்கத்தில் பதில் போட்டார்கள். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு நோர்வே டாக்டர், தூக்கம் வரவில்லை, நம் ஆட்டத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினார். அண்ணே சுவரைப் பார்த்தார். பதறிவிட்டார். 'முதலில் போய்ப் படுங்கள். நீங்கள் எழுந்து காப்பி குடித்த பிறகுதான் நகர்த்துவேன்.' டாக்டர் போய்ப் படுத்தார். வைத்தியரையே மிரட்டித் தூங்க வைத்த ஏர்கான்காரர் பேராக் மாநிலத்தில் வேறு யாரும் இல்லை.

அதே டாக்டர், கோடைக்காலம் வருவதால் எங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறோம் என்று எழுதியபோது அண்ணே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"எவனக் கேட்டு மாத்துறானுங்க? என் செவுத்துல நான் மாத்த மாட்டேன்!"

மாற்றவும் இல்லை. பாவம் அந்த டாக்டர், கோடை முடியும்வரை எல்லாச் செய்தியிலும் தன் மணியையும் 'உங்கள் சுவரின் மணி'யையும் சேர்த்தே எழுதினார்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டேன். என் காரின் வயிற்றில் கையை விட்டபடியே சொன்னார்.

"அப்ப நான் சின்னப் பையன், தைப்பிங் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தோம். ஒரு புது வருசத்தன்னிக்கு நாட்டு மணியவே அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிட்டாங்க. மணியத் தள்ளினாங்க, சூரியனத் தள்ள முடியல. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு மட்டும் அதே மணிக்குத்தான். எங்கப்பா இருட்டுல போயி நின்னுக்கிட்டு, 'என் அரை மணி நேரத் தூக்கம் எங்க?'ன்னு வேலை வாங்குற மண்டோரக் கேட்டாரு. அவன், 'கவர்மென்டப் போயிக் கேளு'ன்னான். இன்னிக்கு வரைக்கும் யாரும் திருப்பிக் குடுக்கல எழுத்தாளரே."

அந்த அரை மணி நேரம் என் வீட்டிலும்தான் போனது. நான் கவனிக்கவே இல்லை.

இனி, ஊரே அவரைத் திட்டிய கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நானா என்று நாங்கள் கூப்பிடும் தமிழ் முஸ்லிம் பெரியவரின் உணவகத்தில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். 'ராபாட் குதிரைகள்' என்ற பெயரில் இணையக் குழுப் போட்டிகளில் ஆடினோம். ஆண்டு தவறாமல் கடைசி இடம். தலைவர், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவி உட்பட. அந்த ஒரு பருவம் மட்டும் எப்படியோ நாங்கள் முதலிடத்தை நெருங்கிவிட்டோம். முடியாமல் கிடந்தது ஒரே ஓர் ஆட்டம், ஏர்கான் அண்ணேக்கும் ஆட்டுக்கறிக்கும் நடந்தது. அண்ணே ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு, மேல் பிரிவுக்கும் ஏறுவோம். கோப்பை என்பது திரையில் தெரியும் ஒரு படம்தான். சார் அதற்கே பேனர் அடித்து வைத்துவிட்டார்.

அண்ணே மிக அழகாகத் தோற்றுக்கொண்டிருந்தார். யானை ஒன்று போய்விட்டது, ராணி எங்கோ தனியாக உலாத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கறி காணாமல் போனார். தினமும் 'சாப்டாச்சா?'வுக்கு 'ஆட்டுக்கறி' என்று தவறாமல் பதில் போடுகிற மனிதர், அதனால்தான் அந்தப் பெயரே. இப்போது பதிலும் இல்லை, நகர்த்தலும் இல்லை. மூன்று நாள் தீர்ந்தால் ஆட்டம் தானாக எங்கள் கைக்கு வந்துவிடும்.

ஞாயிறு காலை. நானா கடையில் சார் தன் கைப்பேசியைத் தட்டோரம் சாய்த்து வைத்து, ஆட்டுக்கறியின் கடிகாரம் இறங்குவதைப் பார்த்தபடி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது.

"என்னா இது? மணி ஏறுது!"

"நான்தான் சார் ஏத்துனேன்" என்றார் ஏர்கான் அண்ணே.

பலகைக்குக் கீழே 'எதிராளிக்கு ஒரு நாள் கூட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. உலகத்தில் யாரும் தொடாத பொத்தான்.

"ஒங்களுக்குப் பைத்தியமா? சும்மா இருந்தாலே ஜெயிச்சிருப்பீங்க!"

"சார், அவன் சாப்பிட்டானானே தெரியல. எப்படி சார் ஜெயிக்கிறது?"

"சட்டப்படி நேரம் போனா தோல்விதான்!"

"சட்டம் நேரத்த எடுக்கத்தான் சார் தெரிஞ்சி வச்சிருக்கு. குடுக்கட்டும், அப்ப பேசலாம்."

"டீம்ல இருந்து தூக்கிருவேன்!"

"தூக்குங்க. ஆட்டம் என் போன்ல இருக்கு."

நானா தே தாரிக் தேநீரை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்பா ஏர்கான், ஒருவேள அந்த மனுசன் மவுத்தாயிருந்தா?"

அண்ணே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "செத்திருந்தாலும் நானா, சாப்பிட்டுட்டுச் செத்தானான்னு தெரியணும்" என்றார்.

சார் மிச்சத் தோசையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அண்ணே நிறுத்தவில்லை. நாள் தவறாமல் ஒரு நாள் கூடியது. கூடவே ஒரு 'சாப்டாச்சா?'வும் போனது. எங்கள் குழுவின் வாட்சப்பில் அவரைத் திட்டி வந்த செய்திகளை நான் நண்பர்களிடம்கூடக் காட்ட மாட்டேன். எல்லாவற்றுக்கும் அண்ணே கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். கடையில் 'ஆட்டுக்கறி' கடிகாரத்துக்குப் புது பேட்டரி மாட்டியிருந்தார். மற்ற நாள் காருக்கடியில் கிடக்கிற மனிதர், அந்த நாட்களில் அதற்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் காரைப் பார்க்கச் சொன்னேன். "கார் எங்கேயும் போவாது" என்றார். அது உண்மைதான்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்தது. பனி விழுந்து சாலை அடைபட்டு, லாரியோடு வழியில் ஒரு கொட்டகையில் மாட்டிக்கொண்டாராம். தொலைபேசித் தொடர்பு இல்லை. சேர்ந்து கிடந்த கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார். பிஸ்கட். பிஸ்கட். பிஸ்கட். சூப். சூப். பிஸ்கட். பிஸ்கட். ஒன்றுமில்லை. பிஸ்கட். கடைசியாக, இன்று வீட்டில், ஆட்டுக்கறி.

"பாத்தீங்களா, சாப்பிட்டுட்டான்லா!" என்று கடைக்கு வெளியே ஓடிவந்து, சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரரிடமெல்லாம் சொன்னார். ஆட்டுக்கறி அதோடு நிற்கவில்லை. வயிறு நிறைந்த தெம்பில் நான்கே நகர்த்தலில் அண்ணனின் ராஜாவை மடக்கிப்போட்டார். கோப்பை போனது, மேல் பிரிவு போனது. சார் சொன்னபடியே அவரைக் குழுவிலிருந்து தூக்கினார். பேனரை நானா தலைகீழாகக் கட்டி, பின்கட்டில் மழைச்சாரலுக்கு மறைப்பாக்கிக்கொண்டார்.

அண்ணே மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார். அடுத்த மேசையில் உட்கார்ந்து எங்கள் ஆட்டங்களுக்கு உரக்க யோசனை சொன்னார். எல்லாம் தவறான யோசனை. சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் இந்த ஊர் வெயிலில் எத்தனை நாளைக்கு ஒருவர் ஏர்கான்காரரிடம் பேசாமல் இருக்க முடியும்? சாரின் கார் ஏர்கான் ஒருநாள் மூச்சை விட்டது. வேட்டியில் வேர்வை சொட்டச் சொட்ட ராபாட் கடைக்கு வந்து நின்றார். அண்ணே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காரின் பானட்டைத் திறக்கவில்லை.

"சார், சாப்டாச்சா?"

சார் மலையைப் பார்த்தார். சுவரில் இருந்த ஆறு கடிகாரங்களையும் பார்த்தார். கடைசியில், "ம்… சாப்ட்டேன்" என்றார்.

பானட் திறந்தது.

அண்ணேக்கு இரண்டு மகள்கள், இருவரும் ஆஸ்திரேலியாவில். வயதான காலத்தில் எங்களோடு வந்து இருங்கள் என்று மெல்பர்னில் இருக்கும் மூத்தவள் வருடக்கணக்காகக் கூப்பிட்டாள். அங்கே கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்று தெரிந்ததும், "அந்த ஊருக்கு நான் பொணமாக்கூட வர மாட்டேன்" என்றார். பெர்த்தில் இருக்கும் இளையவள் கெட்டிக்காரி. "அப்பா, இங்கயும் ஈப்போ மணிதான். யாரும் மாத்த மாட்டாங்க" என்றாள். போன வருடம் கிளம்பிவிட்டார், கடிகாரங்களைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு. மகள் புது வீட்டுச் சுவரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஏழாவதாக ஒன்று தொங்குகிறது, கீழே 'எழுத்தாளர்' என்று எழுதியிருக்கிறது. அவர் கைக்கடிகாரமும் அதுவும் ஒரே மணியைத்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

இப்போது நானும் அவரும் நிதான ஆட்டம் ஒன்று ஆடுகிறோம். என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் எதை நகர்த்தினாலும் ஆட்டம் முடிந்துவிடும், அதனால் நகர்த்தவில்லை. ஒவ்வொரு முறை என் நேரம் தீரப் போகும்போதும் ஒரு நாள் வந்து ஏறிக்கொள்கிறது. கீழே அதே கேள்வி.

சாப்பிட்டுவிட்டேன் அண்ணே. நாளைக்கும் கேளுங்கள்.