நாற்பத்தேழு கிலோ ஓம்

என் கண்ணில் எவனும் கத்தி வைக்கக் கூடாது. முடிவெடுத்துவிட்டேன்.

புரை என்கிறார் டாக்டர். புரையாவது, பூசணிக்காயாவது. எனக்கு எல்லாம் தெரிகிறது. கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. உலகம் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரி விடுவதாயில்லை.

"கொடியில காயுற போர்வைகிட்ட, 'ஏன் வெளியில நிக்கிறீங்க, உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டது யாரு?"

"மரியாதை தெரிஞ்சவன் கூப்பிடுவான்."

"பல் விளக்க என் முகக் கிரீமை எடுத்தது?"

"பல்லும் முகத்துலதானே இருக்கு? கண்ணு தெரியாதவன் ரெசிஸ்டர் நிறம் படிப்பானா? நான் படிப்பேன்!"

அங்கேதான் மாட்டினேன்.

நான் ரேடியோ மெக்கானிக். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொடிச் சாமான். பழங்காலத்து ரகத்தில் எண் இருக்காது, நிறந்தான் எண். உடம்பு ஒரு நிறம், முனை ஒரு நிறம், நடுவே ஒரு புள்ளி. மூன்றையும் சேர்த்துப் படித்தால் இத்தனை ஓம் என்று அளவு வரும். டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

"சரி, நான் ஒவ்வொண்ணா எடுத்துத் தரேன். பாத்துச் சொல்லுங்க. எல்லாம் சரின்னா ஆபரேஷன் பேச்சே எடுக்க மாட்டேன். ஒண்ணு தப்பினாலும் ஆஸ்பத்திரி."

"பேச்சு மாறக் கூடாது."

"நீங்களும்."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நிறத்தை எவன் பார்க்கப் போகிறான்? அத்தனையும் என் கையால் கழற்றியவை. குண்டன் ஒருவன், மூக்குடைந்தவன் ஒருவன், முதுகு கருகியவன் ஒருவன். உருவத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். நிறமெல்லாம் மனப்பாடம்.

நடுவராக மாடிவீட்டுக்காரன் வந்தான். பரணில் கிடந்த, ஓம் அளக்கும் என் பழைய மீட்டரை, அந்த முள் ஆடுகிற ரகத்தை, வீட்டுக்காரி அவன் கையில் கொடுத்திருந்தாள்.

முதல் ஆள் குண்டன்.

"பத்து கிலோ ஓம்."

மீட்டரை வைத்துப் பார்த்தான். "சரிண்ணே."

கருகியவன். "இருநூற்றிருபது ஓம்."

"அடேயப்பா! சரிண்ணே."

ஐந்தாவதும் சரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவளுக்கு முகம் வாடியிருக்கும். சரியாகத் தெரியவில்லை.

ஆறாவதை நீட்டினாள். வழுவழு உடம்பு, லேசான வளைவு, இரண்டு பக்கமும் கம்பி.

"வாடா பயலே! மரப்பெட்டி ரேடியோல இருந்தவன். மஞ்சள் உடம்பு, ஊதா முனை, ஆரஞ்சுப் புள்ளி. நாற்பத்தேழு கிலோ ஓம்!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கழட்டும்போது என் கட்டைவிரலைச் சுட்டவன். மறப்பேனா?"

வாங்கினாள். கம்பிகளை உருவினாள். வாயில் போட்டாள். கடக்கென்று கடித்தாள்.

"மக்ரோனி," என்றாள்.

மாடிவீட்டுக்காரன் இருமுவது போல் சிரித்தான்.

"மோசடி!" என்று கத்தினேன். "சமையல் சாமானைக் கலந்துட்டே!"

"கம்பி மட்டுந்தான் நான் சொருகினது. ஊதா முனை, ஆரஞ்சுப் புள்ளியெல்லாம் நீங்க வச்சது. உருவத்தைப் பாத்து ஒப்பிக்கிற ஆளுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா என் முகத்தையும் அப்படித்தானே பாக்கிறீங்க."

"முதல் அஞ்சு சரியா இல்லையா? சொல்லுடா தம்பி!"

அவன் தரையைப் பார்த்தான். "அண்ணே... மீட்டர்ல பேட்டரியே இல்லண்ணே. நீங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லச் சொன்னாங்க அண்ணி."

"முள்ளு ஒரு தடவைகூட அசையல," என்றாள். "உங்க மூக்குக்கு நேராத்தான் பிடிச்சிருந்தாரு."

பேச்சு பேச்சுதான். ஆண்பிள்ளை நான். விறைப்பாக எழுந்தேன். வாசலுக்குப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு!" என்று அதட்டினேன்.

"கிளம்பலாம்," என்றாள். "முதல்ல என் செருப்பைக் கழட்டுங்க."